நாலு என்று எழுதிய இரவுகள்

ஏதோ சுரண்டுகிறது. க்ரிக், க்ரிக், ஒரு நிறுத்தம், மறுபடியும் க்ரிக். எலி இப்படி யோசித்து யோசித்துச் சுரண்டாது, எலிக்கு அவசரம் இருக்கும். குழாயும் இல்லை, குழாய் சொட்டும் சத்தம் எனக்குத் தெரியும், அதை எண்ணியே எத்தனையோ ராத்திரி கழிந்திருக்கிறது. இது தகரத்தை நகத்தால் கீறுவது மாதிரி, கான்வென்டில் ஆறாம் வகுப்பில் சாக்பீஸ் தேய்ந்துபோய் மதர் பெனடிக்டாவின் நகம் கரும்பலகையில் பட்டுப் பல் கூசுமே, அந்த மாதிரி. குளியலறைப் பக்கமிருந்துதான் வருகிறது. அவர் உள்ளே போய்ப் பத்து நிமிஷம் இருக்கும். மணி எட்டுகூட ஆகவில்லை, எதிர்வீட்டில் டி.வி. ஓடுகிறது, ஆனாலும் இருட்டிவிட்டால் இந்த வீட்டில் எல்லாச் சத்தமும் எனக்கு நடுச்சாமத்துச் சத்தம்தான். "ஏங்க," என்கிறேன். சுரண்டல் நிற்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று. "ம்" என்கிறார். சரி, "ம்" வந்துவிட்டது. நாலு மாசமாக எங்களுக்குள் இதுதான் ஏற்பாடு, அவர் அங்கே போனால் நான் நடுநடுவே கூப்பிடுவேன், அவர் "ம்" என்பார். அந்தக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது. நான்தான் கழற்றினேன். ஆனால் இந்த "ம்" சரியில்லை. வாயைத் திறக்காத "ம்". வாய்க்குள் எதையோ வைத்துக்கொண்டு சொல்கிற "ம்". கை தானாகக் கழுத்துக்குப் போகிறது. உத்தரியக் கயிற்றில் மாதா படத்துக்குப் பக்கத்தில் அலமாரிச் சாவி. இருக்கிறது. சாவி என்னிடம், மாத்திரை டப்பா அலமாரிக்குள், ராத்திரி மாத்திரையை நான் இன்னும் எடுத்துக் கொடுக்கவே இல்லை. அப்படியென்றால் வாயில் என்ன? க்ரிக். மறுபடி தொடங்கிவிட்டது. சத்தம் இருக்கிறவரை ஆள் இருக்கிறார், ஜெசிந்தா. சத்தம் இருக்கிறவரை நீயும் மூச்சு விடு.

மடியில் பிள்ளை தூங்குகிறாள். அக்னஸுக்குப் பதினாலு மாசம், இரண்டு நாளாகப் பல் முளைக்கிற காய்ச்சல், இப்போதுதான் கண்ணை மூடினாள். அவள் கைக்குள் என் உத்தரியக் கயிறு, நான் எழுந்தால் அவளும் எழுந்துவிடுவாள். முழங்கால் பக்கத்தில் வலி நோட்டு திறந்தபடி கிடக்கிறது. ஆஸ்பத்திரிக் கவுன்சிலர் வஹீதா மேடம் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டுக் கொடுத்த நோட்டு. தேதி, வலி பத்துக்கு எத்தனை, தூக்கம் எத்தனை மணி, இன்று பேசியது. தினமும் ராத்திரி அவரிடம் கேட்டு நான் எழுத வேண்டும். மேலிருந்து கீழே பார்த்தால் நாலு. நாலு, நாலு, நாலு, ஒருநாள் மட்டும் மூணு, அது பிள்ளையின் பிறந்தநாள். என் கையெழுத்து கான்வென்ட் கையெழுத்து, எல்லா நாலும் ஒரே அளவு, ஒரே சாய்வு. எவ்வளவு சந்தோஷமாக எழுதியிருக்கிறேன் இதையெல்லாம்! பத்தில் நாலு என்றால் பாதிகூட இல்லையே, மாதாவே ஸ்தோத்திரம் என்று. இன்றைய கட்டம் காலி. இன்று காலையில் அவர் எட்டு என்றார். துறைமுகத்தில் கன்டெய்னர் மேலிருந்து விழுந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. விழுந்தபோது நான் ஐந்து மாசம். ஆபரேஷன் முடிந்து, எலும்பு சேர்ந்துவிட்டது, எக்ஸ்ரே படத்தில் எல்லாம் சுத்தமாக இருக்கிறது, ஆனால் இடுப்பிலிருந்து இடது கால் வழியாக ஒரு கம்பியைக் காய்ச்சி இழுக்கிற மாதிரி என்பார், ஆரம்பத்தில் அப்படியெல்லாம் விவரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இதுல ஒண்ணுமில்லம்மா, மனசுதான், மனநலப் பிரிவுல காட்டுங்க" என்றார். அங்கே போனால், "வலி இருந்தா மனசு எப்படி நல்லாயிருக்கும், முதல்ல அதைச் சரிபண்ணிட்டு வாங்க." இரண்டு அறைக்கும் நடுவே ஒரு நீள வராந்தா. அதில் ஒரு கையில் ஃபைலும் ஒரு கையில் பிள்ளையுமாக நான் முன்னால், சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் பின்னால். ஒருநாள் பாதி வராந்தாவில் நின்றுவிட்டார். "பிள்ள, நான் எந்த ரூம்லயும் இல்லை போல" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்? அதற்கு அடுத்த வாரம்தான், தவக்காலத்தில் ஒரு புதன்கிழமை, துவைக்கப் போட்ட சட்டைப் பையில் கைவிட்டால் காகிதத்தில் மடித்து மாத்திரைகள். நான் கொடுத்து, என் முன்னால் வாயில் போட்டு, தண்ணீரும் குடித்த மாத்திரைகள். எத்தனை நாளாகச் சேர்த்தார் என்று இன்றைக்குவரை நான் கேட்கவில்லை. துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, நுரை என் காலைத் தாண்டி ஓடி வாய்க்காலில் விழுகிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

க்ரிக். இருக்கிறார். அதற்கப்புறம்தான் வஹீதா மேடத்தின் மேஜை. சின்ன மேஜை, ஒரு பக்கம் வலிக்குப் பார்க்கிற டாக்டர், ஒரு பக்கம் மனசுக்குப் பார்க்கிற டாக்டரம்மா, நடுவில் அந்த மேடம், டிபன் டப்பா வாசனையோடு. "உடம்பு ரெண்டு ரூமா கட்டி வைக்கலை, நாமதான் கட்டிட்டோம்" என்றார். யாரையும் திட்டவில்லை, என்னைக்கூட. மாத்திரை வாரத்துக்கு வாரம்தான் தருவோம், பூட்டி வையுங்க, குளியலறைத் தாழ்ப்பாளைக் கொஞ்ச நாளைக்குக் கழற்றி வையுங்க, அவருக்குத் தெரிஞ்சே கழற்றுங்க, திருட்டுத்தனமா வேண்டாம். தெரிந்துதான் கழற்றினேன், காய்கறிக் கத்தியால், அவர் கட்டிலில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருக்க. நாலு ஸ்க்ரூ. ஓட்டைகளில் காற்றும் வெளிச்சமும் வருமே என்று சோப்பை உருட்டி அடைத்தேன். முப்பத்திரண்டு வயசு ஆண்பிள்ளை. கதவை ஒரு வாளியால் முட்டுக்கொடுத்துக் குளிக்கிறார். தாழ்ப்பாளை எங்கே வைத்தேன் என்று அவர் கேட்டதே இல்லை. அரிசி டின்னுக்குள், அடியில். மதர் பெனடிக்டா சொல்வார்கள், வலி என்பது ஆண்டவர் கொடுக்கிற காசு, அதை வீணாகக் கத்திச் செலவழிக்காதே, செத்தபின் உத்தரிக்கிற ஸ்தலத்தில் தவிக்கிற ஆத்துமாக்களுக்காக ஒப்புக்கொடு என்று. நான் நன்றாக ஒப்புக்கொடுப்பேன். ஹாஸ்டல் கதவிடுக்கில் கட்டைவிரல் நசுங்கி நகம் கறுத்தபோது ஒப்புக்கொடுத்தேன், அந்த வருஷம் நன்னடத்தைப் பரிசு எனக்குத்தான், ஒரு ஜெபமாலையும் பிளாஸ்டிக் சோப்பு டப்பாவும். அக்னஸ் பிறக்கிறபோதும் ஒப்புக்கொடுத்தேன். வார்டில் மற்றவர்கள் எல்லாம் அலற, நர்சுகள் அலறுகிறவர்களிடம் ஓட, நான் உதட்டைக் கடித்துச் சுவரைப் பார்த்துக் கிடந்தேன். இவளுக்கு இன்னும் நேரமிருக்கு என்று விட்டுவிட்டார்கள். கூட்டிப் பெருக்க வந்த அக்காதான் திரும்பிப் பார்த்து, "ஐயோ தாயி, தலை தெரியுதே, வாயத் தொறந்து சொல்லக் கூடாதா!" என்று கத்தினாள். தொப்புள்கொடி பிள்ளையின் கழுத்தைச் சுற்றியிருந்தது. இன்னும் கொஞ்சம் போயிருந்தால்... வேண்டாம். இதோ மூச்சு விடுகிறாள், மூக்கு கொஞ்சம் அடைத்துக்கொண்டு. அவ்வளவு பட்டும் எனக்குப் புத்தி வரவில்லை. பிள்ளை பிறந்த அடுத்த மாசமே, ஒரு சாயங்காலம், அவர் வலி தாங்காமல் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, "ஜெசி, எப்படி இருக்கு தெரியுமா" என்று தொடங்கினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியில் சிலுவை வரைந்து, அவ்வளவு அன்பாகச் சொன்னேன், மெய்யாகவே அன்பாகத்தான் சொன்னேன், "ஒப்புக்கொடுத்துருங்க."

அதை இன்று காலையில்தான் திருப்பித் தந்தார். வஹீதா மேடம் வழக்கம்போல, "ததேயு, இன்னைக்குப் பத்துக்கு எத்தனை?" நான் நோட்டைத் திறந்து பேனாவை நாலுக்குத் தயாராக வைத்திருந்தேன். "எட்டு" என்றார். நான் குறுக்கிட்டேன். "நேத்து நாலுதானே சொன்னீங்க! ஒரே ராத்திரியில எப்படி..." மேடம் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். "நேத்து எத்தனை?" "எட்டு." "போன மாசம்?" "எட்டு. சில நாள் ஒன்பது." "அப்போ நாலு?" அவர் என்னைப் பார்க்கவில்லை, மடியிலிருந்த பிள்ளையின் செருப்பைக் கழற்றிக் கழற்றி மாட்டினார். "இவதான் ஒப்புக்கொடுக்கச் சொன்னா, மேடம். ஒப்புக்கொடுத்ததைத் திருப்பிக் கேக்கக் கூடாதில்ல. நாலுன்னா அவ நிம்மதியா தூங்குவா. அதான் நாலு." மேடத்துக்கு அது புரிய நேரமாயிற்று, அவர்கள் மார்க்கத்தில் இது இல்லை போலிருக்கிறது. எனக்குப் புரிய நேரமே ஆகவில்லை. ஆண்டவரே, நோட்டு முழுக்க நான் எழுதியது அவர் வலியே இல்லை, அவர் என்மேல் வைத்த இரக்கம். மேடம் ஒரு தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்திவிட்டு அவரிடம், "எட்டு நல்ல நம்பர். நிஜ நம்பர். இதை வச்சுதான் நாம வேலை பாக்க முடியும்" என்றார். மாத்திரையை மாற்றுவதுபற்றி டாக்டரோடு பேசினார்கள், கால் பயிற்சி, மூச்சுப் பயிற்சி, எதுவும் என் காதில் ஏறவில்லை. கடைசியில், "உங்களுக்கு வேற என்ன வேணும், ததேயு?" வேலை என்பார், பழைய உடம்பு என்பார் என்று நினைத்தேன். "கதவுக்குத் தாழ்ப்பாள்" என்றார். மேடம் அவரிடம் அந்தக் கேள்வியை நேராகக் கேட்டார், சோறு சாப்பிட்டீங்களா என்கிற குரலில், சாகணும்னு தோணுதா என்று. அவரும் ஏதோ பதில் சொன்னார், நான் பிள்ளைக்குத் தண்ணீர் கொடுக்கிற சாக்கில் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டேன். திரும்பி வந்ததும் மேடம் என்னிடம், "நான் கேட்டுட்டேன். நீங்க இன்னும் கேக்கலை. நாலு மாசமா கூப்பிடுறீங்க, அவரு 'ம்' சொல்றாரு. அது கேள்வி இல்லையே. கேளுங்க, பதிலை உக்காந்து கேளுங்க, அப்புறம் தாழ்ப்பாளை ரெண்டு பேருமா முடிவு பண்ணுங்க. கேட்டா புதுசா எண்ணம் வந்துரும்னு பயப்படாதீங்க. வராது. எப்போ வேணா எனக்கு ஃபோன் பண்ணுங்க." சரி மேடம், வீட்ல போய்ப் பேசுறோம் மேடம். பஸ்ஸில் பேசவில்லை. சாயங்காலம் பேசவில்லை. அந்தச் சொல் என் வாயில் வராது. அது பாவம், ஞானோபதேசப் புத்தகத்தில் பெரிய எழுத்தில் அச்சடித்த பாவம், கான்வென்டில் அதைச் சொல்லாமல் சுற்றி வளைத்து 'ஆண்டவர் கொடுத்ததை அழிப்பது' என்பார்கள். நான் கேட்டு, அவர் ஆமாம் என்றுவிட்டால்? அந்த ஆமாமை இந்த வீட்டில் எந்த அலமாரியில் வைத்துப் பூட்டுவேன்?

டிங். ஏதோ சின்னதாகத் தரையில் விழுந்து உருளுகிறது. அப்புறம் ஒன்றுமில்லை. சுரண்டல் இல்லை. "ஏங்க." ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. "ஏங்க!" எப்படி எழுந்தேன் தெரியாது, பிள்ளை இடுப்பில், கயிறு அவள் கையில், சமையலறை தாண்டி, கதவைத் தள்ளுகிறேன். வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் கோணலாக உட்கார்ந்திருக்கிறார். ஒரு கையில் என் காய்கறிக் கத்தி. என் உயிர் ஒரு தடவை போய்விட்டு வருகிறது. இன்னொரு கையில் தாழ்ப்பாள். உதட்டிடுக்கில் மூன்று ஸ்க்ரூ. கதவு ஓட்டைகளில் நான் அடைத்த சோப்பெல்லாம் சுரண்டி எடுக்கப்பட்டு, தரையில் நீலத் தூளாகக் கிடக்கிறது. நாலாவது ஸ்க்ரூ தண்ணீர் போகிற சல்லடை ஓரத்தில் மின்னுகிறது. குனிய முடியாமல் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார், கிணற்றில் விழுந்த எதையோ பார்க்கிற மாதிரி. "கூப்பிட்டேனே, காதுல விழலையா?" ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாக உள்ளங்கையில் துப்பினார். "குனியலாம்னு பாத்தேன். பிடிச்சுக்கிச்சு. மூச்சு வரலை பிள்ள, அதான் சொல்லலை." வேர்த்திருக்கிறது, பனியன் முழுக்க. "இது எங்க கெடைச்சுது உங்களுக்கு?" "அரிசி டின்ல போட்டா எனக்குத் தெரியாதா? இந்த வீட்ல ஆறு மாசமா உலை வைக்கிறது யாரு, உன் மதரா?" உண்மைதான், நின்றுகொண்டு செய்கிற வேலை அவருக்குத் தேவலை என்று சோறு அவர்தான் வடிக்கிறார். அப்படியானால் நாலு மாசமாகத் தினமும் அளக்கிற படியில் இது தட்டுப்பட்டிருக்கிறது. தினமும் அதை அடியிலேயே விட்டுவிட்டு அரிசியை மட்டும் அள்ளியிருக்கிறார். "கேட்டிருக்கலாம்ல?" "கேட்டா வேணாம்பே. நீ வேணாம்னா நான் செய்ய மாட்டேன். அதான், வச்சுப் பாத்துட்டு, ஒரே ஒரு தடவ பூட்டிப் பாத்துட்டு, கழத்தி டின்லயே போட்டுறலாம்னு." அழவில்லை, ஆனால் அக்னஸைப் பார்த்துக்கொண்டு, "குளிக்கும்போது அழணும் போல வரும் ஜெசி. கதவு தொறந்துக்கிட்டா நீ பாப்பியேன்னு அதையும் வாளிக்குள்ள தலைய வுட்டுத்தான்" என்று பாதியில் நிறுத்திச் சிரித்தார். அன்றைக்கு வராந்தாவில் சிரித்த அதே சிரிப்பு. இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை.

ஈரத் தரையிலேயே உட்கார்ந்தேன். பிள்ளை விழித்துக்கொண்டு சோப்புத் தூளுக்குக் கையை நீட்டுகிறாள், அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டியிருந்தது. மாதாவே. கேள், ஜெசிந்தா. "ஏங்க. உங்களுக்கு... சாகணும்னு தோணுதா?" சொல்லிவிட்டேன். எதிர்வீட்டு டி.வி.யில் யாரோ சோப்பு விற்கிறார்கள். மேலே கூரை அப்படியே இருக்கிறது. அவர் கத்தியை எட்டி ஜன்னல் திட்டில் வைத்தார், என்னிடமிருந்து தள்ளி அல்ல, தன்னிடமிருந்து தள்ளி, அதை நான் பார்த்தேன். "இன்னைக்கு இல்லை" என்றார். நான் எழுந்துவிடவில்லை, ஜெபம் சொல்லவில்லை, உட்கார்ந்திருந்தேன். "ஞாயித்துக்கிழமை தோணுச்சு. நீ தோசை சுட்டுட்டிருந்த. எனக்கு முறுகலா ஒண்ணு போட்டுட்டு, பிள்ளைக்குக் குட்டியா ஒண்ணு ஊத்துன. நான் இல்லாட்டி இவங்க நிம்மதியா சாப்பிடுவாங்கன்னு ஒரு நெனப்பு. வந்துச்சு. உங்கிட்ட சொல்லணும்னு வாயெடுத்தேன். நீ திரும்பி, வலி எத்தனைங்கன்னு கேட்ட. நாலுன்னுட்டேன்." ஞாயிற்றுக்கிழமை. அந்தத் தோசை எனக்கு ஞாபகம் இருக்கிறது, ஓரம் கருகியதை நான் எடுத்துக்கொண்டேன். "நாளைக்கு மேடத்துக்கு ஃபோன் பண்ணி ஞாயித்துக்கிழமைய சொல்லணும்" என்றேன். "சொன்னேன் காலைலயே. நீ ஜன்னல்கிட்ட நின்ன." "மறுபடி வந்தா?" "ஒன்னய எழுப்புதேன்." "நான் தோசைக் கரண்டிய கையில வச்சிருந்தாலும்?" "கரண்டியோடயே கூப்பிடுதேன்." "ஒப்புக்கொடுக்காதீங்க." என்றேன். "எங்கிட்ட குடுங்க. எட்டுன்னா எட்டா குடுங்க." அவர் கையை என் தலையில் வைத்தார், வேர்வையும் சோப்பும் இரும்பும் கலந்த வாசனை. சல்லடை ஓரத்திலிருந்து அந்த ஸ்க்ரூவை எடுத்தேன். தாழ்ப்பாளை நான் பிடித்துக்கொள்ள அவர் திருகினார், உட்கார்ந்த வாக்கில் முடிந்தவரை, முடியாததை நான். இரண்டு ஸ்க்ரூ ஏறியதும் மூன்றாவதை நீட்டினேன். வாங்கவில்லை. "ரெண்டு போதும்" என்றார். "ஓட்டையும் தேஞ்சு போச்சு. பிள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு ஒன் தோளால ஒரு இடி இடிச்சா பேந்துரும். எனக்குப் பூட்டுன மாதிரியும் இருக்கும், உனக்குப் பூட்டாத மாதிரியும் இருக்கும்." மிச்ச இரண்டையும் என் உள்ளங்கையில் வைத்து மூடினார். "இதை நீ எங்க வேணா ஒளிச்சு வை. அரிசி டின் வேணாம், பல்லுல கடிபடும்."

இப்போது வாசற்படிக்கு இந்தப் பக்கம், கதவுக்கு எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறேன். நோட்டு முழங்காலில். வலி: எட்டு. என் எட்டு நன்றாகவே வரவில்லை, மேல் வட்டம் பெரிதாகிக் கோணிக்கொண்டது, பழக்கமில்லை. இன்று பேசியது என்ற கட்டம் இத்துணூண்டு, அதில் ஞாயிற்றுக்கிழமை என்று மட்டும் எழுதி, மிச்சத்தைப் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே போகிறேன். இரண்டு ஸ்க்ரூவையும் முந்தானையில் முடிந்திருக்கிறேன். கதவுக்கு உள்ளே வாளி நகர்கிறது. தண்ணீர் இன்னும் விழவில்லை. தாழ்ப்பாள் நாலு மாசம் அரிசிக்குள் கிடந்து இறுகியிருக்கிறது, தவிடு ஏறியிருக்கிறது. அவர் தள்ளுவதும் அது மறுப்பதும் கேட்கிறது. என் தோள் தானாக ஒரு தடவை முன்னால் போய்த் திரும்புகிறது, ஆமாம், இந்தத் தோள் போதும். கூப்பிடலாமா? ஏங்க என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கூப்பிடாதே, ஜெசி, கொஞ்சம் இரு. பிள்ளை என் விரலை எடுத்துப் புதுப்பல்லால் கடிக்கிறாள், வலிக்கிறது, "ஆ!" என்று நன்றாகவே கத்திவிட்டேன். உள்ளே தள்ளுவது நின்றது. "ஜெசி," என்கிறது கதவு. "இருக்கியா?"

"ம்," என்றேன்.

தவிடு நொறுங்குகிற சத்தம், அப்புறம் தாழ்ப்பாள் கொண்டிக்குள் விழுந்தது.